கம்ப்யூட்டரில் பாட்டு: முதலில் நிறுத்த வேண்டியவை

நல்ல ஒலிக்காகக் கம்ப்யூட்டரைத் தயார் செய்வது என்றாலே எதை வாங்கலாம் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. வீட்டில் பாட்டுக் கேட்கக் கம்ப்யூட்டரைத் தவிர வேறு கருவி வைத்துக்கொள்ளாத எனக்கு, வாங்கியவற்றைவிட நிறுத்தியவைதான் அதிகப் பலன் கொடுத்திருக்கின்றன. ஃபைலில் இருக்கும் ஒலி ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும் வழியில் கம்ப்யூட்டர் நம்மைக் கேட்காமலே நாலைந்து இடங்களில் கை வைக்கிறது. அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு எதில் செலவு செய்யலாம் என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

முதல் கை, மேம்பாடு என்ற பெயரில் வருவது. என் லேப்டாப்போடு ஓர் ஒலி மென்பொருள் சேர்ந்தே வந்தது. பேஸை ஏற்றும், குரலைத் தூக்கிக் காட்டும், இரண்டு ஸ்பீக்கரை ஐந்தாகப் பாவனை செய்யும். கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டால், மிருதங்கத்தில் அழுத்தமாக ஓர் அடி விழும்போதெல்லாம் பாடுபவரின் குரல் ஒரு கணம் அமுங்கி, மறுபடி மேலே வந்தது. மேலோட்டமாகக் கேட்டால் தெரியாது. ஒருமுறை காதில் பட்டுவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் கேட்காது. சத்தமான இடத்தை அமுக்கி மெல்லிய இடத்தை உயர்த்தும் கம்ப்ரஷன்தான் காரணம். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கருக்கு அது உதவி; ஹெட்போனுக்கும் வெளி ஸ்பீக்கருக்கும் உபத்திரவம். விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸில் நீங்கள் பயன்படுத்தும் கருவியைத் திறந்து, ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை ஆஃப் செய்யுங்கள். லேப்டாப்காரர்களின் மென்பொருள் தனியாக இருந்தால் அதையும் திறந்து நிறுத்த வேண்டும். ஒன்றை நிறுத்தினால் இன்னொன்றும் நின்றுவிடும் என்று நம்ப முடியாது.

பழைய சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் கம்யூனிகேஷன்ஸ் என்று ஒரு டேப் இருக்கிறது. பேச்சு அழைப்பு நடப்பதாகத் தெரிந்தால் மற்ற ஒலிகளை 80% குறைத்துவிடு என்பதுதான் அதில் இயல்பாக அமைந்திருக்கும் தேர்வு. பாட்டு திடீரென்று கிணற்றுக்குள் போன மாதிரி ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. டூ நத்திங் என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது.

அடுத்து சாம்பிள் ரேட். 1982-இல் விற்பனைக்கு வந்த சிடியில் ஒலி விநாடிக்கு 44,100 மாதிரிகளாக, ஒவ்வொன்றும் 16 பிட் எண்ணாகப் பதிவாகியிருக்கிறது. இந்த எண்ணே வீடியோ டேப் விட்டுப்போன மிச்சம். அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ ரெக்கார்டரைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு வரிக்கு 3 மாதிரி, ஒரு ஃபீல்டுக்கு (வீடியோவின் பாதிப் படம்) 245 வரி, விநாடிக்கு 60 ஃபீல்டு என்று பெருக்கினால் 44,100 வரும். 50 ஃபீல்டு முறையில் 294 வரி, விடை அதேதான். பின்னால் வந்த டிஜிட்டல் வீடியோ 48,000-ஐப் பிடித்துக்கொண்டது. கம்ப்யூட்டரும் பெரும்பாலும் 48,000-இல்தான் அமைந்து வருகிறது. அதனால் சிடியிலிருந்து எடுத்த பாட்டைப் போட்டால், விண்டோஸின் மிக்சர் ஒவ்வொரு 147 மாதிரியையும் 160 மாதிரியாகக் கணக்குப் போட்டு மாற்றித்தான் வெளியே அனுப்புகிறது. பிரௌசர், நோட்டிஃபிகேஷன், பாட்டு எல்லாவற்றையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தால்தானே கலக்க முடியும்!

இந்த மாற்றம் காதுக்குத் தெரியுமா என்றால், இப்போதைய இயங்குதளங்களில் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும் என்பதால் செய்துவிடலாம். உங்கள் சேகரிப்பில் பெரும்பகுதி சிடி தரம் என்றால், கருவியின் ஃபார்மட்டை 24 பிட், 44,100 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். சிடி 16 பிட்தானே, 24 எதற்கு என்று கேட்கலாம். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சு ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல் என்று கணக்கு. 16 பிட்டுக்கு 96 டெசிபல். கம்ப்யூட்டரில் வால்யூமைக் குறைக்கும்போது ஒலி கீழ் பிட்டுகளை நோக்கி இறங்குகிறது. 24 பிட் இருந்தால் இறங்க இடம் இருக்கிறது, மெல்லிய பகுதிகள் தரையில் மோதாது. வால்யூமை எப்போதும் 100-இலேயே வைத்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை 24 பிட் வெளியீட்டுக்குப் பொருந்தாது. தைரியமாகக் குறைக்கலாம்.

மிக்சரையே தாண்டிப் போகவும் வழி உண்டு. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த வாசாபி என்ற ஏற்பாட்டில் எக்ஸ்க்ளூசிவ் மோட் என்று ஒன்று இருக்கிறது. பிளேயர் ஒலிக் கருவியைத் தனக்கே எடுத்துக்கொள்ளும். சாம்பிள் ரேட்டும் பாட்டுக்குப் பாட்டுத் தானாக மாறும். ஃபூபார்2000 என்ற இலவச பிளேயரின் புதிய பதிப்புகளில் தனியாக எதையும் சேர்க்க வேண்டாம். வெளியீட்டுப் பட்டியலில் கருவியின் பெயருக்குப் பக்கத்தில் எக்ஸ்க்ளூசிவ் என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சரி. அந்த நேரத்தில் வேறெந்த ஒலியும் வராது. பாட்டுக்கு நடுவே 'டிங்' என்று மெயில் வந்து குறுக்கிடாது என்பதே எனக்கு அதன் பெரிய லாபமாகப் படுகிறது.

எண்கள் மாறாமல் போகின்றனவா என்று காதால் கண்டுபிடிப்பது கஷ்டம். அதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பல ஸ்பீக்கர் ஒலியைச் சுருக்கிப் பதியும் டிடிஎஸ் முறையில் பதிவான சிடிகள் ஒரு காலத்தில் வந்தன. அதிலிருந்து எடுத்த வேவ் ஃபைல், பார்வைக்குச் சாதாரண 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ ஃபைல்தான். உள்ளே இருப்பது டிடிஎஸ் தரவு. ஆப்டிகல் கேபிள் வழியாக அதை ஏவி ரிசீவருக்கு அனுப்பினால், எண்கள் ஒன்றுகூட மாறாமல் வந்தால் மட்டுமே ரிசீவர் அதை அடையாளம் கண்டு இசையாக்கும். மாறியிருந்தால் 'ஷ்ஷ்ஷ்' என்று வெறும் இரைச்சல். என் டெஸ்க்டாப்பில் 48,000-க்கு அமைத்த மிக்சர் வழியாகப் போட்டபோது இரைச்சல்தான் வந்தது. எக்ஸ்க்ளூசிவ் மோடுக்கு மாற்றியதும் ரிசீவரின் முகப்பில் டிடிஎஸ் விளக்கு எரிந்து, பாட்டு வந்தது. பிளேயரின் வால்யூமை ஒரு படி மட்டும் குறைத்தேன். விளக்கு அணைந்து மறுபடி இரைச்சல். வால்யூமைத் தொட்டாலே எண்கள் மாறுகின்றன என்பதற்கு இதைவிடக் கண்ணெதிரே சாட்சி வேண்டியதில்லை. நீங்களும் செய்து பார்ப்பதானால் ரிசீவரின் வால்யூமை முதலில் நன்றாக இறக்கிவிடுங்கள். அந்த இரைச்சல் முழுச் சத்தத்தில் வந்தால் காதுக்கும் ட்வீட்டருக்கும் ஆகாது.

லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயரின் அமைப்பு ஃபைலில், அனுமதிக்கும் ரேட்டுகளின் பட்டியலில் 44100-ஐயும் சேர்த்துவிட்டால் பாட்டுக்கு ஏற்ப மாறிக்கொள்ளும். மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற சின்னப் பயன்பாட்டில் ரேட்டை மாற்றலாம்.

எண்கள் சரியாக இருந்தும் ஒலி கெடும் இன்னொரு இடம் நேரம். தம்புரா மட்டும் ஒலிக்கும் ஒரு நீண்ட பதிவைப் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, இடையிடையே 'டிக்' என்று ஒரு சொடுக்கு கேட்டது. டமடமவென்று வாசிக்கும் இசையில் இது காணாமல் போயிருக்கும். மாறாத சுருதியில் ஒளிய இடம் இல்லை. அதனால் இந்த மாதிரிக் கோளாறு தேட தம்புராவைவிட நல்ல சோதனைப் பதிவு எனக்குக் கிடைக்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பிராசஸர் கிட்டத்தட்டச் சும்மாதான் இருக்கிறது. பலம் இருந்து என்ன, எண்களை ஒலிக்கான மின்னலையாக மாற்றும் கருவியான டாக் கேட்கும் நேரத்துக்குத் தரவு போய்ச் சேரவில்லை. ஏதோ ஒரு டிரைவர் சில மில்லிவிநாடிகளுக்குப் பிராசஸரை விடாமல் பிடித்துவைத்தால், அதற்குள் ஒலித் தரவை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் பஃபர் காலியாகிவிடுகிறது. அந்த ஓட்டைதான் 'டிக்'.

லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவி, எந்த டிரைவர் அதிக நேரம் பிடித்துவைத்தது என்று பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும். என் விஷயத்தில் வைஃபை டிரைவர். வைஃபையை அணைத்துவிட்டுக் கேட்டேன், சொடுக்கு நின்றது. சிப் தயாரித்தவர்களின் புதிய டிரைவரைப் போட்ட பிறகு வைஃபை ஓடும்போதும் வரவில்லை. உங்கள் கம்ப்யூட்டரில் குற்றவாளி வேறாக இருக்கலாம்: கிராஃபிக்ஸ் டிரைவர், பேட்டரி மேலாண்மை, பழைய யூஎஸ்பி ஹப். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அணைத்துப் பாருங்கள். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. டாக்கை ஹப்பில் செருகாமல் கம்ப்யூட்டரின் சொந்தப் போர்ட்டில் செருகுங்கள். பிளேயரின் பஃபரை ஒரு விநாடி வரை தாராளமாக வையுங்கள். பஃபரைச் சின்னதாக்கினால் ஒலி சுத்தமாகும் என்று சிலர் சொல்வது, ஸ்டூடியோக்காரர்களின் தேவையைக் கேட்பவரின் தேவையோடு குழப்பிக்கொள்வது. பாடிக்கொண்டே தன் குரலைத் தானே கேட்பவருக்குத்தான் தாமதம் பிரச்சினை. அவர்களுக்காகத்தான் ஸ்டைன்பெர்க் நிறுவனம் ஏசியோ என்ற தாமதம் குறைந்த டிரைவர் முறையை உருவாக்கியது. கேட்க மட்டும் செய்கிறவருக்குப் பிளே அழுத்தி அரை விநாடி கழித்துப் பாட்டு தொடங்கினால் என்ன குடி முழுகிவிடும்?

இதோடு சேர்ந்த சில்லறைத் தொல்லை ஒன்று: பாட்டின் முதல் ஸ்வரம் விழுங்கப்படுவது. கொஞ்ச நேரம் ஒலி இல்லாவிட்டால் கருவி தூங்கிவிடுகிறது. எழுந்திருப்பதற்குள் முதல் அரை விநாடி போய்விடுகிறது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்திப் பாருங்கள். லினக்ஸில் பைப்வயரை நிர்வகிக்கும் வயர்பிளம்பர் இயல்பாக 5 விநாடியில் கருவியை உறங்க வைக்கும். அந்த நேரத்தை நீட்டலாம்.

இனி கம்ப்யூட்டர் தன் மின்சாரத்தையே பாட்டில் கலக்கும் கதை. ஸ்க்ரோல் செய்யும்போது ஸ்பீக்கரில் 'கிர்ர்ர்' என்று கேட்டிருக்கிறீர்களா? பக்கம் நகர நகரச் சத்தம், நிறுத்தினால் நிசப்தம். மவுஸை அசைத்தாலும் அப்படியே. திரையை மாற்றி வரைய கிராஃபிக்ஸ் சிப் இழுக்கும் மின்னோட்டம் ஏறி இறங்குவது எர்த் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குள் போய் ஒலியாகிறது. லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் அப்படியே மறைந்தால் அது கிரவுண்ட் லூப். சார்ஜர் வழியாக ஓர் எர்த், ஆம்ப்ளிஃபையர் வழியாக இன்னொன்று. நடுவில் ஆடியோ கேபிளின் உறை இரண்டையும் இணைத்து வளையத்தை முடித்துவைக்கிறது. மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' சத்தமும் இதே வழியில்தான் வரும்.

செலவில்லாத முதல் வேலை, கம்ப்யூட்டரையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவது. பல நேரம் இதிலேயே பாதி குறையும். போகவில்லை என்றால் ஆப்டிகல் கேபிள். அதில் ஓடுவது ஒளி மட்டும், செம்பு இல்லை, வளையம் அறுந்துவிடும். டாக்கிலும் ஸ்பீக்கரிலும் பேலன்ஸ்டு இணைப்பு (வழியில் சேரும் இரைச்சலைக் கழித்துவிடும் இரட்டைக் கம்பி முறை) இருந்தால் இன்னும் நல்லது. என் மேசை ஸ்பீக்கர்களுக்கு அதுதான் தீர்வாக இருந்தது. லைன் கேபிளின் நடுவே வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும் வேலை செய்யும். மட்டமானது என்றால் பேஸ் கொஞ்சம் மெலியும். எர்த் பின்னை எடுத்துவிடு, சத்தம் போய்விடும் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சத்தம் போகும், கூடவே உயிருக்கு இருந்த பாதுகாப்பும் போய்விடும்.

டாக் பற்றி நிறையச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மதர்போர்டிலேயே இருக்கும் ஒலிச் சிப்புகள் இப்போது மோசமில்லை. அவற்றைச் சுற்றியுள்ள மின் இரைச்சல்தான் சிக்கல். அதனால் பெட்டிக்கு வெளியே இருக்கும் எளிய யூஎஸ்பி டாக் ஒன்று போதும். இப்போது வரும் பெரும்பாலானவை அசிங்க்ரனஸ் முறையில் இயங்குகின்றன. தரவை எப்போது அனுப்புவது என்பதை டாக்கின் சொந்தக் கடிகாரம் முடிவு செய்கிறது. கம்ப்யூட்டரின் கடிகாரம் தடுமாறினாலும் ஒலிக்கு ஒன்றுமில்லை. ஆகவே ஜிட்டரை, அதாவது கடிகாரத்தின் அந்தத் தடுமாற்றத்தை, குறைக்கும் யூஎஸ்பி கேபிள், விண்டோஸ் சர்வீஸ்களை எல்லாம் கொன்றுவிட்டு 'ஒலியைச் சுத்தமாக்கும்' மென்பொருள் இவற்றின் பக்கம் நான் போவதில்லை. ஹெட்போன் கேட்பவர்கள் ஒன்றை மட்டும் பாருங்கள்: டாக்கின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (மின்தடை போன்ற அளவு), ஹெட்போனின் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 16 ஓம் இயர்போன் என்றால் 2 ஓம். மீறினால் சில இயர்போன்களில் பேஸுக்கும் ட்ரெபிளுக்கும் இடையிலான சமநிலை மாறிவிடும்.

192 கிலோஹெர்ட்ஸ் ஃபைல்கள் வேண்டுமா? 2007-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் மேயர், மோரன் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர் ரெசல்யூஷன் பதிவு ஓடும் பாதையில், அதைச் சிடி தரத்துக்கு இறக்கும் கருவியைச் செருகியும் எடுத்தும் கேட்க வைத்தார்கள். கேட்டவர்கள் சரியாகச் சொன்னது ஏறக்குறைய பாதித் தடவை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் அவ்வளவுதான் வரும். 2016-இல் ஜோஷுவா ரைஸ் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்தது 52.3%. வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வன்தட்டையும் பணத்தையும் அதற்காகக் கரைக்கும் அளவுக்கு எனக்கு ஆசையில்லை.

ஃபைல் நம்பத்தக்கதா என்பது அதைவிட முக்கியம். சிடியிலிருந்து எடுக்க எக்ஸாக்ட் ஆடியோ காப்பி இன்றும் நன்றாக வேலை செய்கிறது. மற்றவர்கள் எடுத்த அதே சிடியின் கணக்கோடு ஒப்பிட்டுப் பிழை உண்டா என்று சொல்லிவிடும். ஃபிளாக் என்பது எதையும் இழக்காமல் ஒலியைச் சுருக்கும் ஃபைல் வகை; ஆனால் அந்தப் பெயர் போட்ட எல்லாமே உண்மையில் இழப்பில்லாதவை அல்ல. யாரோ 128 கிலோபிட் எம்பி3-ஐ மாற்றி வைத்திருக்கலாம். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் போன்ற கருவியில் திறந்தால், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டினாற்போல் இருட்டாக இருக்கும். ஃபிளாக் ஃபைலுக்குள்ளேயே ஒலியின் எம்டி5 கணக்கு பதிந்திருப்பதால், பழைய வன்தட்டில் ஏதாவது அரித்துப்போயிருக்கிறதா என்று பின்னாளில் சரிபார்க்கலாம்.

எதை மாற்றினாலும் பலன் உண்டா என்று பார்க்கும்போது சத்த அளவைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே காது அதை 'சத்தம் அதிகம்' என்று எடுத்துக்கொள்ளாது, 'தெளிவு அதிகம்' என்று எடுத்துக்கொள்ளும். டாக் மாற்றியவர்கள் சொல்லும் அதிசயங்களில் பாதி இதுதான் என்பது என் எண்ணம். ஃபூபார்2000-இல் ஏபிஎக்ஸ் என்ற சேர்ப்பு உண்டு. எது எது என்று மறைத்துவைத்துக் கேட்க வைக்கும். பழைய பதிவையும் காதைக் கிழிக்கும் புதிய பதிவையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள் பாட்டுகளின் சத்த அளவைச் சமமாக்கும் ரீப்ளேகெயினைப் போட்டுக்கொள்ளலாம். எண்கள் மாறும்தான், பரவாயில்லை. வால்யூமுக்குக் கை நீட்டிக்கொண்டே இருப்பதற்கு அது மேல்.

ப்ளூடூத் ஹெட்செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஏதாவது ஒரு பயன்பாடு அதன் மைக்கைத் திறந்தால், இணைப்பு பேச்சுக்கான முறைக்கு இறங்கி, பாட்டு டெலிபோன் தரத்துக்குப் போய்விடலாம். மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தத்தை யாரும் ஒலித்தரக் கணக்கில் சேர்ப்பதில்லை. வீணையில் ஒரு மீட்டு அடங்கி மறையும் கடைசிப் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். 24 பிட்டின் நுணுக்கமெல்லாம் அங்கே ஃபேனுக்கு அடியில் கிடக்கும். பயாஸில் ஃபேனின் வேகத்தைத் தணித்து, தூசியைத் துடைத்து, பாட்டு இருக்கும் சுழலும் வன்தட்டை எஸ்எஸ்டிக்கு மாற்றியபோது எனக்குக் கிடைத்த தெளிவு, எந்த டாக்கும் கொடுக்காதது. பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளி வையுங்கள், யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டர் வரை போகும்.

கடைசியில் அறை. 4 மீட்டர் நீள அறையில் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி, 43 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தேங்கி நிற்கும். என் அறையில் ஒரு குறிப்பிட்ட பேஸ் ஸ்வரம் மட்டும் வீங்கிக்கொண்டு வரும். நாற்காலியை ஒரு முழம் பின்னால் நகர்த்தினால் அடுத்த ஸ்வரம் காணாமல் போகும். அளக்கும் மைக் ஒன்றை வைத்து, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்தபோது வரைபடத்தில் 10 டெசிபலுக்கு மேல் மேடும் பள்ளமும். கம்ப்யூட்டருக்குள் நான் திருத்திய எதுவும் இதன் பக்கத்தில்கூட வராது. முதலில் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி, மேசைப் பரப்பிலிருந்து உயர்த்தி வைத்தேன். மீதியை, அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளில் திருத்தினேன். மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது, ஆம்ப்ளிஃபையர்தான் திணறும். எங்காவது ஏற்றியிருந்தால் அதே அளவு ப்ரீஆம்ப்பில் (அதிலேயே உள்ள மொத்தச் சத்த அளவு) குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உச்சங்கள் சிதறும்.

இதில் ஒரு சங்கடம். ஈக்வலைசர் ஏபிஓ விண்டோஸின் மிக்சர் பாதையில்தான் உட்காருகிறது. எக்ஸ்க்ளூசிவ் மோட் அதைத் தாண்டிப் போய்விடும். அதாவது டிடிஎஸ் விளக்கை எரியவைத்த அமைப்பும் அறையைத் திருத்தும் அமைப்பும் ஒன்றாக இருக்காது. நான் ஸ்பீக்கருக்கு மிக்சர் வழியையும், ஹெட்போனுக்கு எக்ஸ்க்ளூசிவ் வழியையும் வைத்துக்கொண்டேன். என்றாவது பேஸ் மறுபடி வீங்கினால், விண்டோஸோ ஒலி டிரைவரோ புதுப்பிக்கப்பட்டு ஈக்வலைசர் கழன்றிருக்கிறது என்று பொருள். அதன் கான்ஃபிகரேட்டரைத் திறந்து, கருவிக்கு எதிரே மறுபடி டிக் போட்டு, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் திரும்பி வந்துவிடும்.